பேய்ப்படமும் எங்கட பயங்களும்

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டு நிற்கும்போது, ஊரில் எல்லோரும் மதிக்கும் ஒரு காக்கா தோளில் கை வைத்தார். அவருடைய பேத்தி எங்கள் பாடசாலையில்தான் படிக்கிறாள்.

"சேர், ஒண்டு கேக்கட்டா? சனிக்கிழமை ராவைக்கு நீங்க நாலு சேர்மார் ஒண்டா இருந்து பேய்ப்படம் பாக்கிறீங்களாம். உண்மையா?"

"உண்மைதான் காக்கா."

"புள்ளையளுக்குப் படிச்சுக் குடுக்கிற ஆக்கள், அதில என்னத்தக் கண்டீங்க?"

வெயிலில் நின்றுகொண்டு சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல அது. எங்கள் நால்வருக்கும் இந்தக் கேள்வி வீட்டிலும் வந்திருக்கிறது, ஆசிரியர் அறையிலும் வந்திருக்கிறது. அதனால் சேர்ந்து யோசித்து இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். ஆறுதலாக வாசியுங்கள்.

எங்களுக்கு இந்த ருசி படத்திலிருந்து வரவில்லை. மூத்தம்மாவிடமிருந்து வந்தது. கரண்ட் போன இரவுகளில் வாசலில் பாய் போட்டுப் படுத்திருப்போம். வயல்பக்கம் அலையும் கொள்ளிவாய்ப் பேய், கைக்குழந்தையோடு வழியில் நின்று "இவனக் கொஞ்சம் புடிங்களன்" என்று கேட்கும் மோகினி, ஆலமரத்தடியில் வெள்ளை உடுப்போடு நின்ற ஆள். கதை முடிந்ததும் "ஆயத்துல் குர்ஸி ஓதிட்டுப் படுங்க" என்பார் மூத்தம்மா. பயமும் பயத்துக்கு மருந்தும் ஒரே வாயிலிருந்து வந்தன. அடுத்த முறை கரண்ட் போனால் நாங்களே போய் "அந்தக் கதையச் சொல்லுங்க" என்று கேட்போம். இது எல்லா வீட்டிலும் நடந்ததுதானே?

பிறகு டெக் வந்தது. '13-ம் நம்பர் வீடு', 'ஜென்ம நட்சத்திரம்' எல்லாம் கோடு விழுந்த வீடியோ கெசட்டில் பார்த்தோம். பிறகு சீடி. பிறகு ஆசிரியர் கலாசாலை விடுதியில் ஒரே ஒரு லெப்டொப்பைச் சுற்றிப் பத்துப் பேர். பகலில் உளவியல் பாடத்தில் பயம் என்றால் என்ன என்று குறிப்பு எழுதுவோம், இரவில் போர்வைக்குள் இருந்து அதைச் செய்முறையாகப் பார்ப்போம். அங்கேதான் ஒரு விஷயம் பிடிபடத் தொடங்கியது. ஒவ்வொரு நாட்டுப் பேயும் வேறு வேறு. அந்த நாட்டில் அந்தக் காலத்தில் மனிதர் எதற்குப் பயந்தார்களோ, அதன் முகத்தைத்தான் பேய் போட்டுக்கொண்டு வந்தது. வரலாறு படிப்பிக்கும் எங்களுக்கு அதை விட மனம் வரவில்லை.

முதல் பேய்ப்படம் என்று பலரும் சொல்வது 1896இல் பாரிஸில் ஜோர்ஜ் மெலியே எடுத்த படத்தை. மூன்று நிமிடம்தான். ஒரு வௌவால் கோட்டைக்குள் பறந்து வந்து ஷைத்தானாக மாறும். மெலியே மேடையில் மாயவித்தை காட்டியவர். அவர் சனங்களைச் சிரிக்கவும் வியக்கவும் வைக்கத்தான் அதை எடுத்தார். சினிமா பிறந்த அடுத்த வருடமே பேயும் வந்துவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

உண்மையான பயம் 1922இல் ஜேர்மனியில் வந்தது. 'நொஸ்ஃபெராட்டு' என்ற மௌனப் படம். எடுத்தவர் முர்னோ. முதலாம் உலகப் போரில் விமானம் ஓட்டியவர். அந்தப் போரில் ஜேர்மனி ஏறத்தாழ 20 இலட்சம் படையினரை இழந்திருந்தது. போர் முடியும் நேரத்தில் 1918இன் விஷக்காய்ச்சலும் வந்து வீடுவீடாக ஆட்களைக் கொண்டுபோனது. அப்படிப்பட்ட சனங்களுக்கு முர்னோ காட்டிய பேய் எப்படி வருகிறது? கப்பலில் வருகிறது. அதோடு எலிகளும் வருகின்றன. ஊரில் கொள்ளைநோய் பரவுகிறது. தெரு நீளத்துக்குப் பெட்டி பெட்டியாக மையித்துகளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். படம் பார்க்க வந்தவர்களுக்கு அந்தத் தெரு தெரிந்த தெரு. பேய்தான் புதிது.

அந்தப் படத்தின் கதையே ஒரு பேய்க்கதை. 'ட்ராகுலா' நாவலை அனுமதி இல்லாமல் எடுத்ததற்காக நாவலாசிரியரின் விதவை வழக்குப் போட்டார். எல்லாப் பிரதிகளையும் அழிக்கும்படி 1925இல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் சில பிரதிகள் அதற்குள் வெளிநாடு போய்விட்டன. அதனால்தான் நூறு வருடம் கழித்து எங்களால் பார்க்க முடிகிறது.

அடுத்தது ஜப்பான். 1954 மார்ச் 1ஆம் திகதி பிக்கினி தீவில் அமெரிக்கா ஐதரசன் குண்டைச் சோதித்தது. தூரத்தில் சூறை மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானிய வள்ளத்தின் மேல் வெள்ளைச் சாம்பல் கொட்டியது. வள்ளத்தில் 23 பேர். எல்லோருக்கும் நோய் வந்தது. செப்டெம்பரில் ஒருவர் இறந்தார். ஜப்பான் முழுக்க மீன் வாங்கப் பயந்தார்கள். அதே வருடம் நவம்பர் 3ஆம் திகதி 'கொட்சில்லா' வெளிவந்தது. குண்டுச் சோதனையால் கடலடியிலிருந்து எழும்பி வந்து, முதலில் வள்ளங்களை எரித்து, பிறகு தோக்கியோ நகரத்தையே எரிக்கும் ஒரு மிருகம்.

இன்று அதைப் பிள்ளைகள் பொம்மையாக வைத்து விளையாடுகிறார்கள். முதல் படத்தைப் பாருங்கள், விளையாட்டே இல்லை. ரயிலில் போகும் ஒரு பெண், நாகசாகியில் தப்பியதே பெரிய விஷயம், இப்போது இது வேறா என்று அலுத்துக்கொள்கிறாள். நகரம் எரியும்போது ஒரு தாய் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரத்தில் வாப்பாவிடம் போய்விடுவோம் என்கிறாள். ஹிரோஷிமாவுக்கு ஒன்பது வருடம் பிந்தி எடுத்த படம். நேராகச் சொல்ல முடியாததை ஒரு பூதத்தின் வாயால் சொல்லியிருக்கிறார்கள். மீனவர்கள் நிறைந்த எங்கள் கரையோரத்தில் இருந்து அந்தப் படத்தைப் பார்ப்பது தனி அனுபவம். கடலால் வரும் அழிவு என்றால் என்னவென்று 2004 டிசெம்பர் 26க்குப் பிறகு எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

1960இல் ஹிட்ச்கொக்கின் 'சைக்கோ'. இதில் பேயே இல்லை. தெருவோர விடுதியை நடத்தும், மரியாதையாகப் பேசும் ஒரு இளைஞன்தான் பயம். கோட்டையிலும் மயானத்திலும் இருந்த பேய் அன்றோடு பக்கத்து வீட்டுக்குக் குடிவந்துவிட்டது. படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று தியேட்டர்களுக்கு ஹிட்ச்கொக் கட்டளையே போட்டார். குளியலறைக் கொலை ஒரு நிமிடம்கூட வராது. அதை எடுக்க ஏழு நாள் பிடித்தது. கறுப்பு வெள்ளைப் படம் என்பதால் இரத்தத்துக்குப் பாவித்தது சொக்லட் பாணி.

இந்தச் சொக்லட் பாணிக் கதை எங்களுக்குப் பெரிய உதவி. நான்காம் ஆண்டுப் பிள்ளை ஒருவன் ஒரு வாரமாகப் பாடசாலை மலசலகூடத்துக்குப் போக மறுத்தான். விசாரித்தால், சாச்சாவின் போனில் ஏதோ பேய்த் துண்டு பார்த்திருக்கிறான். ஏசவில்லை. அதே துண்டை அவனோடு இருந்து, சத்தத்தை நிறுத்திவிட்டுப் போட்டோம். சத்தம் இல்லாத பேய் எவ்வளவு பரிதாபமானது என்று சோதித்துப் பாருங்கள். பிறகு சொக்லட் பாணியைப் பற்றிச் சொன்னோம். "அப்ப நக்கலாமா சேர்?" என்று கேட்டான். அன்றே மலசலகூடப் பிரச்சினை தீர்ந்தது.

சரி, எங்களைப்போன்ற சமூகங்களில்?

இந்தோனேசியாவில் 1980இல் 'பெங்காப்டி சேதான்' என்று ஒரு படம் வந்தது. ஷைத்தானின் அடிமை என்று அர்த்தம். தொழுகையை மறந்த ஒரு பணக்காரக் குடும்பம், தாய் மௌத்தான பிறகு வீட்டுக்குள் நடக்கும் பயங்கரம், கடைசியில் ஒரு ஆலிம் வந்து ஓதிக் காப்பாற்றுகிறார். அதே கதையை 2017இல் ஜோகோ அன்வர் திரும்ப எடுத்தார். 40 இலட்சத்துக்கும் அதிகமானோர் தியேட்டருக்குப் போய்ப் பார்த்தார்கள். ஆனால் இந்த முறை குடும்பம் ஏழை. தாயின் வைத்தியத்துக்கே எல்லாம் விற்று முடிந்துவிட்டது. வரும் உஸ்தாதும் கொல்லப்படுகிறார். 37 வருடத்தில் அந்த நாட்டின் பயம் எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் விளங்கும். 1980இல் "மார்க்கத்தை விட்டுவிட்டோமோ" என்ற பயம். 2017இல் "யாரும் எங்களைக் காப்பாற்ற வரமாட்டார்களோ" என்ற பயம்.

எங்கள் நால்வருக்கும் அதிகம் பிடித்தது 2016இல் பாரசீக மொழியில் வந்த 'நிழலின் கீழே' என்ற படம். எடுத்தவர் ஈரானில் பிறந்த பாபக் அன்வரி. கதை 1988இல் தெஹ்ரானில் நடக்கிறது. ஈராக்கின் ஏவுகணைகள் நகரத்தில் விழும் மாதங்கள். கணவர் வைத்தியர், போர்முனைக்கு அனுப்பப்படுகிறார். மாடிவீட்டில் தாயும் சின்ன மகளும் மட்டும். வெடிக்காத ஏவுகணை ஒன்று மேல்மாடியில் வந்து சொருகுகிறது. அதோடு காற்றில் ஜின் வந்துவிட்டது என்று அயலார் பேசுகிறார்கள். மகளின் பொம்மை காணாமல் போகிறது. அயலவர்கள் ஒவ்வொருவராக வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது சைரன் கேட்டு எல்லோரும் நிலவறைக்கு ஓடும் காட்சி வந்தது. எங்களில் ஒருவர் எழுந்து வெளியே போனார். அவர் வடக்கிலிருந்து 1990இல் வெளியேற்றப்பட்ட குடும்பத்தில், பிறகு அகதி முகாமில் பிறந்தவர். ஜின்னுக்கு அவர் பயப்படவில்லை. பக்கத்து வீடுகள் பூட்டப்படும் சத்தம்தான் அவரால் தாங்க முடியாமல் போனது. உம்மா சொல்லக் கேட்ட சத்தம் அது என்றார்.

இனி எங்கட ஊருக்கு வருவோம்.

2011 ஜூலையில் 'காஞ்சனா' வெளிவந்தது. ஊரே பார்த்துச் சிரித்தது, கத்தியது. அந்தப் படத்தில் காணியைப் பறித்தவர்களால் கொல்லப்பட்ட ஒரு திருநங்கையும், அவளை வளர்த்த முஸ்லிம் மனிதரும், அவருடைய மகனும்தான் ஆவிகளாக வருகிறார்கள். சிரிப்புப் படத்துக்குள்ளே ஒரு காணிப் பிரச்சினை.

அடுத்த மாதம் நோன்பு. அதோடு சேர்ந்து வந்தது கிறீஸ் பூதம்.

இளையவர்களுக்காகச் சொல்கிறோம். உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு இரவில் வந்து பெண்களைத் தாக்குகிறான் ஒருவன், பிடித்தால் வழுக்கிவிடுகிறான், மதில் பாய்கிறான் என்று நாடு முழுக்கக் கதை பரவியது. கிழக்கிலும் புத்தளத்திலும் அது பெரும் பீதியானது. பெண்கள் தறாவீஹ் போவதை நிறுத்தினார்கள். ஆண்கள் பொல்லும் டோர்ச்சுமாக விடிய விடியக் காவல் நின்றார்கள். எங்களில் சிலருக்கு அதே நாட்களில் உயர்தரப் பரீட்சை. பகலில் எழுதிவிட்டு இரவில் சந்தியில் நின்றோம். துரத்திப் போனவன் முகாமுக்குள் ஓடினான் என்று மக்கள் சொன்னார்கள். அப்படி ஒன்றும் இல்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். கிண்ணியாவிலும் பொத்துவிலிலும் மக்களுக்கும் படையினருக்கும் மோதல் வந்தது. புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரர் கொல்லப்பட்டார். பூதம் என்று நினைத்து நாட்டின் பல இடங்களில் அப்பாவிகள் அடிக்கப்பட்டார்கள். உயிர்களும் போயின.

இன்று திரும்பிப் பார்க்கும்போது எங்களுக்கு ஒன்று விளங்குகிறது. படத்தில் வரும் பயத்துக்கு இரண்டு மணி நேரத்தில் முடிவு உண்டு. கதவு உண்டு. வேண்டாம் என்றால் எழுந்து போகலாம், பக்கத்தில் இருப்பவர் சிரிக்கிறார், எதற்குப் பயப்படுகிறோம் என்று தெரிகிறது. 2011இல் எங்களிடம் இவற்றில் ஒன்றும் இருக்கவில்லை. முறைப்பாடு செய்யப் போகும் இடத்தையே நம்ப முடியவில்லை என்பதுதான் பயத்தின் அடி. போர் முடிந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. கிறீஸ் அதன் மேல் பூசப்பட்டது, அவ்வளவுதான். அந்த நம்பிக்கையின்மையைப் பேசியிருந்தால் சந்தியில் பொல்லோடு நின்ற கைகள் சில வீடுகளுக்குத் திரும்பியிருக்கலாம். நாங்கள் பூதத்தைப் பற்றி மட்டுமே பேசினோம்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்தோனேசியப் படங்களில் 'பொச்சொங்' என்று ஒரு பேய் வரும். கபன் துணியால் சுற்றி, தலையிலும் காலிலும் கட்டிய உருவம். கட்டை அவிழ்க்காமல் அடக்கியதால் எழும்பி வருகிறது என்பது அவர்களுடைய கதை. 2020 கொரோனாக் காலத்தில், ஜாவாவில் கெப்பு என்ற கிராமத்தில் இளைஞர்கள் இந்தப் பொச்சொங் வேஷம் போட்டுக்கொண்டு இரவில் தெருவில் நின்றார்கள், சனங்கள் பயந்து வீட்டுக்குள் இருக்கட்டும் என்று. செய்திகளில் படம் வந்தது. விடுதி நண்பர்கள் எல்லோரும் பகிர்ந்து சிரித்தோம்.

அதே வருடம் இங்கே என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். கொரோனாவில் மௌத்தானவர்களை எரிக்க வேண்டும் என்று ஏப்ரலில் வர்த்தமானி வந்தது. டிசெம்பரில் 20 நாள் குழந்தையின் ஜனாஸாவும் எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் கம்பி வேலியில் எல்லா இனத்தவரும் வந்து வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். 2021 பெப்ரவரி கடைசியில்தான் அடக்க அனுமதி கிடைத்தது. மார்ச்சில் ஓட்டமாவடியில் முதல் அடக்கங்கள் நடந்தன.

ஜாவாவில் கபனைக் கண்டு பயந்தார்கள். இங்கே எங்கட உம்மா வாப்பாவுக்கு அந்தத் துணியும் ஆறடி மண்ணும் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயந்தோம். வயதானவர்கள் காய்ச்சலை மறைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்தார்கள். எந்தப் பேய்ப்படமும் எங்களை அப்படிப் பயமுறுத்தியதில்லை. அதற்குப் பிறகு எங்களால் பொச்சொங் படங்களைப் பழையபடி பார்க்க முடியவில்லை. அந்த உருவம் வந்தால் பயம் வருவதில்லை, வேறொன்று வருகிறது.

கொரோனாக் காலத்தில் 310 பேரிடம் செய்த ஓர் ஆய்வு 2021இல் வெளியானது. பேய்ப்படம் விரும்பிப் பார்ப்பவர்களுக்கு அந்த நாட்களில் மனஉளைச்சல் ஓரளவு குறைவாக இருந்ததாகச் சொல்கிறது. ஒரு ஆய்வுதான், அதைப் பெரிதாகத் தூக்கிப்பிடிக்கத் தேவையில்லை. ஆனால் மூத்தம்மாவுக்கு அது ஆய்வு இல்லாமலே தெரிந்திருந்தது என்று நினைக்கிறோம். சின்னப் பயத்தைப் பாயில் படுக்கவைத்துப் பழக்கினார், பெரிய பயம் வரும்போது கை கால் விறைத்துவிடக்கூடாது என்று.

எல்லாப் பேய்ப்படமும் நல்லது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. முகம் எரிந்தவர், மனநோயாளி, விதவை, கறுப்புத் தோல் உடையவர் என்று பாவப்பட்ட மனிதர்களையே பேயாக்கும் படங்கள் ஏராளம். 'சைக்கோ' எவ்வளவு கெட்டித்தனமான படமோ, அவ்வளவுக்கு மனநோயாளி என்றால் கொலைகாரன் என்ற எண்ணத்தையும் அது பரப்பியது. திடீரென்று சத்தம் போட்டு மட்டும் திடுக்கிட வைக்கும் படங்களில் ஒன்றும் இல்லை. ஜின் என்று சொல்லிப் படத்தில் காட்டுவதை மார்க்கம் என்று யாரும் நினைக்கவும் வேண்டாம். சின்னப் பிள்ளைகள் போனில் தனியாகப் பார்ப்பதை நாங்களும் எதிர்க்கிறோம். எங்கள் வீடுகளில் சட்டம் ஒன்றுதான்: பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும், முடிந்த பிறகு பேச வேண்டும்.

அன்று காக்காவுக்கு நாங்கள் சொன்னது இதில் கால்வாசிதான். 'கொட்சில்லா'வையும் கிறீஸ் பூதத்தையும் சுருக்கமாகச் சொன்னோம். தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"எனக்குப் பேயெண்டா பயமில்ல தம்பி. தொண்ணூறுக்குப் பொறகு, ராவையில நாய் கொலச்சா எழும்பிக் குந்திருவன். இண்டைக்கும் அப்பிடித்தான். பொஞ்சாதி மட்டும்தான் அறிவா. புள்ளையளுக்குச் சொன்னதில்ல."

சேர் என்று தொடங்கியவர் தம்பி என்று முடித்தார். முப்பத்தைந்து வருடம் ஒரே வீட்டில் இருந்தும் பிள்ளைகளுக்குச் சொல்லாததைச் செருப்பு வைக்கும் இடத்தில் நின்று எங்களிடம் சொன்னார். அவருடைய அனுமதியோடுதான், பெயர் இல்லாமல் இதை எழுதுகிறோம்.

ஜேர்மன்காரருக்கும் ஜப்பான்காரருக்கும் ஈரானியருக்கும் தங்கள் பயத்தைச் சொல்ல ஒரு படம் கிடைத்தது. எங்களிடம் படம் எடுக்க வசதியில்லை. கொப்பி இருக்கிறது. இந்தத் தவணை விடுமுறையில் ஒன்பதாம், பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுக்கப் போகிறோம். வீட்டில் வயதானவர்களிடம் இரண்டு கேள்வி கேட்டு எழுதி வர வேண்டும். ஒன்று, சின்ன வயதில் நீங்கள் கேட்ட பேய்க்கதை எது? இரண்டு, நீங்கள் உண்மையாகப் பயந்த இரவு எது?

இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல விருப்பம் இல்லாதவர்களை வற்புறுத்த வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோம். சொல்ல விருப்பம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். பேரப்பிள்ளை கொப்பியோடு வந்து குந்தினால் "போய்ப் படி" என்று கலைத்துவிடாதீர்கள். அதுவும் படிப்புத்தான்.

காக்கா, உங்கட பேத்தி பத்தாம் ஆண்டு. அவவும் வருவா.